‘நான்’ என்று அடித்தால் செயலி மூடிக்கொள்கிறது

2025 மார்ச் 2

ஒருவர் கேட்டிருக்கிறார்: “மணிக்கட்டு வலி. இரண்டாகப் பிளந்த கீபோர்டு ஒன்று வாங்கப் போகிறேன். திறமூல ஃபர்ம்வேர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும், மூடியதை வாங்குகிறவன் ஏமாளி என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறது. எனக்கு நிரல் எழுதத் தெரியும். ஆனால் வேலை முடிந்து வந்து கீபோர்டுக்கும் நிரல் எழுதும் ஆசை துளியும் இல்லை. திறமூலம் நிஜமாகவே அவ்வளவு முக்கியமா?”

மார்ச் 2, இரவு

முக்கியம்தான். ஃபர்ம்வேர் என்பது கீபோர்டுக்குள்ளேயே ஓடும் நிரல். திறமூலம் என்றால் அதன் மூலத்தை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்.

என் முதல் பிளவு கீபோர்டு மூடியது. தயாரித்தவர் பெயர் வேண்டாம். விசைகளை இடம் மாற்ற ஒரு மென்பொருள் கொடுத்தார்கள், அது விண்டோஸில் மட்டும் ஓடும். மூன்றாம் வருடம் விண்டோஸைப் புதுப்பித்தேன், அந்த மென்பொருள் அதன்பின் திறக்கவே இல்லை. தேடிப் பார்த்தால் மாடலையே கைவிட்டிருந்தார்கள். கீபோர்டுக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே பதிந்த அமைப்பு அப்படியே இருந்தது, ஆனால் இனி அதைத் தொட முடியாது.

அதில் வலது கட்டைவிரலுக்கு பேக்ஸ்பேஸ். அதை ஒட்டிய விசையில், விளையாட்டாக ஒருநாள் வைத்த மேக்ரோ: என் பழைய மின்னஞ்சல் முகவரியை முழுதாகத் தட்டிவிடும். அந்த மேக்ரோவோடு ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தினேன். எழுத்தை அழிக்கப் போய் விரல் கொஞ்சம் நழுவினால், நான் பயன்படுத்துவதையே விட்டுவிட்ட முகவரி வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். ஒரு குறியீட்டு மதிப்பாய்வில்கூட விழுந்திருக்கிறது.

ஆகவே திறமூலம். யோசிக்கவே வேண்டாம்.

மார்ச் 3

‘எந்தத் திறமூலம்?’ என்று அடுத்த கேள்வி. நேற்று அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

யுஎஸ்பி கம்பியில் இணைவது என்றால் பெரும்பாலும் கியூஎம்கே என்ற ஃபர்ம்வேர். சி மொழியில் எழுதியது, ஜிபிஎல் உரிமம் (இதை வைத்துச் செய்து விற்றால் மூலத்தையும் தர வேண்டும்). எர்கோடாக்ஸ் ஈசி, மூன்லேண்டர் ஆகிய பிளவு கீபோர்டுகளின் உள்ளே ஓடுவது இதுதான். ப்ளூடூத் வேண்டும் என்றால் இசட்எம்கே. 2020ல் தொடங்கியது, செஃபிர் இயங்குதளத்தின் மேல் கட்டியது, எம்ஐடி உரிமம், இதில் அந்தக் கட்டாயம் இல்லை. கீபோர்டியோ ஆட்கள் கலைடோஸ்கோப் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அல்டிமேட் ஹேக்கிங் கீபோர்டின் ஃபர்ம்வேரும் அமைப்பு மென்பொருளும் இரண்டுமே திறந்தவை.

வயா என்பது ஃபர்ம்வேர் இல்லை, இதில் பலருக்கும் குழப்பம். கியூஎம்கே ஓடும் கீபோர்டில், மறுபடி கம்பைல் செய்யாமல் (மூலத்தைச் சில்லுக்கான கோப்பாக மாற்றாமல்) திரையில் பார்த்தபடியே விசைகளை மாற்ற உதவும் செயலி அது. ஆரம்பத்தில் மூடியதாக இருந்து பிறகுதான் மூலத்தைத் திறந்தார்கள். அதே வேலைக்கு முழுக்கத் திறந்த மாற்று வயல். (அந்தப் பெயரைத் தட்டும்போதெல்லாம் எனக்கு நெல்தான் கண்ணில் நிற்கிறது.)

நிரல் எழுதும் ஆசை இல்லை என்றவருக்கு வயாவோ வயலோ போதும். ஒரு விசையைப் பிடித்து இன்னொரு இடத்தில் வைப்பதற்கு சி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மார்ச் 5

போதும் என்று முடித்தது அவசரம். நானே அங்கே நிற்கவில்லையே.

பழைய மின்னஞ்சல் கீபோர்டை விட்டதும் ஒரு சின்ன பிளவு கீபோர்டை நானே சாலிடர் செய்தேன். மூளை ஏடிமெகா32யு4 சில்லு. 32 கிலோபைட் ஃப்ளாஷ் நினைவகம், அதில் 4 பூட்லோடருக்கு (புது ஃபர்ம்வேரை ஏற்றும் குட்டி நிரலுக்கு) போய்விடும், நமக்கு மிஞ்சுவது 28,672 பைட். சாதாரணமாகத் தட்ட இது தாராளம். நான் சும்மா இருக்காமல் குட்டித் திரை, அதில் ஒரு பூனை, விளக்கு விளையாட்டு, மவுஸ் விசைகள் என்று சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு ராத்திரி ‘ஃபர்ம்வேர் மிகப் பெரிது, 34 பைட் அதிகம்’ என்று கம்பைலர் கையை விரித்துவிட்டது. முப்பத்து நாலு பைட்! இந்த வரியைத் தட்டுவதற்கே அதைவிட அதிகம் ஆகும். எதைக் கழற்றலாம் என்று இரண்டு மணி வரை உட்கார்ந்து, கடைசியில் பூனையை விரட்டினேன்.

மறுநாள்தான் தெரிந்தது, எல்டிஓ என்று ஒரு வரியை இயக்கினால் போதுமாம், கம்பைலரே ஆயிரக்கணக்கான பைட்டுகளைச் சுருக்கிக் கொடுக்கும். பூனை திரும்பி வந்தது.

இன்று வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆர்பி2040 சில்லு உள்ளதைப் பாருங்கள், இடத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பொத்தானை அழுத்திக்கொண்டு செருகினால் பென்டிரைவ் மாதிரித் திறக்கும், கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

மார்ச் 9

இன்று ஒரு வாக்குமூலம்.

ஹோம் ரோ மாட்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஷிப்ட், கண்ட்ரோல் போன்றவற்றுக்காகச் சுண்டுவிரலை நீட்ட வேண்டாம் என்று, விரல்கள் ஓய்வெடுக்கும் நடு வரிசையிலேயே அவற்றை ஒளித்து வைப்பது. தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோல். மணிக்கட்டுக்கு நிஜமாகவே நல்லது. தட்டலா பிடியா என்பதை ஃபர்ம்வேர் நேரத்தை வைத்து முடிவு செய்கிறது, கியூஎம்கேயில் இயல்பாக 200 மில்லிவினாடி.

கட்டைவிரல் விசை வேகமாக லேயர் (அதே விசைகளுக்கு வேறு வேலை தரும் இன்னோர் அடுக்கு) மாற வேண்டும் என்பதற்காக, ‘பிடித்திருக்கும்போது வேறு விசை அழுந்தினாலே அது பிடிதான்’ என்ற அமைப்பை இயக்கினேன். அது எல்லா விசைக்கும் சேர்த்துப் பொருந்தும் என்று படிக்கவில்லை. ஆங்கிலம் தட்டும்போது அவ்வப்போது ஏதோ இடறும், என் விரல்தான் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

பிறகு தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறைக்கு மாறினேன். ‘ந’ என்பது வலது சுண்டுவிரலின் அரைப்புள்ளி விசை. ‘ஆ’ இடது கையின் கியூ. என் அமைப்பில் அந்த அரைப்புள்ளியைப் பிடித்தால் மேக்கின் கமாண்ட். கமாண்டும் கியூவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேக் வைத்திருப்பவருக்குத் தெரியும். ‘நான்’ என்று தொடங்கினேன், எழுதிக்கொண்டிருந்த செயலி மூடிக்கொண்டது. திறந்து மறுபடி ‘நான்’. மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாவது முறை இயங்குதளத்தைத் திட்டினேன், நாலாவது முறைதான் கையைப் பார்த்தேன்.

வேலையிடத்து லினக்ஸில் வேறு மாதிரி. ‘மு’ என்பது கே, டி. கேயைப் பிடித்தால் கண்ட்ரோல். முதல், முடிவு, முன்பு என்று எழுத எழுத உலாவி அந்தப் பக்கத்தைப் புக்மார்க் செய்யட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மார்ச் 10

‘கார்டல் ஹோல்டை இயக்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒருவர். கியூஎம்கேயின் இந்தப் பிப்ரவரி வெளியீட்டில் வந்த வசதி. அதே கையில் அடுத்த விசை அழுந்தினால் அது தட்டல், எதிர்க்கையில் அழுந்தினால் மட்டுமே பிடியாக இருக்கலாம் என்று கணக்கு. ஆங்கிலத்தில் ஒரே கையில் தொடர்ந்து உருளும் எழுத்துகள் நிறைய, அங்கே அருமையாக வேலை செய்யும்.

தமிழ்99ல் உயிர் முழுக்க இடது கை, மெய்யில் பெரும்பாலானது வலது கை. கா, கி, கு, நா, மு என்று பெரும்பாலான உயிர்மெய்கள் கை மாறித்தான் விழும். தட்டச்சுக்கு அது வரம். இந்த வசதியோ அந்தக் கைமாற்றத்தைத்தான் ‘பிடியாக இருக்கலாம்’ என்று சந்தேகப்படுகிறது. நாம் தட்டும் பெரும்பாலான எழுத்து அதன் கண்ணில் சந்தேகக் கேஸ்.

எனக்கு உதவியது இசட்எம்கேயில் உள்ள வேறொரு அமைப்பு: முந்தைய விசைக்குப் பிறகு இத்தனை மில்லிவினாடி இடைவெளி இல்லாவிட்டால் பிடி என்ற பேச்சே இல்லை, நேராகத் தட்டல்தான். 150 வைத்திருக்கிறேன். சொல்லின் நடுவே ஒரு பிசகும் இல்லை. கையை எடுத்துவிட்டு, யோசித்து, நிதானமாக ‘நான்’ என்று ஆரம்பித்தால் மட்டும் இன்னும் ஆபத்து. யோசிக்காமல் எழுதுகிறவர்களுக்குப் பிரச்சினையே வராது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், மூடிய ஃபர்ம்வேரில் இப்படி ஒரு கதவைத் தட்டவே வழியில்லை. தட்டல், பிடி, நடுவில் ஒரு நேர அளவு, அவ்வளவுதான் கொடுப்பார்கள். தமிழ்99ல் கை மாறுவதைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கவும் வாய்ப்பில்லை.

மார்ச் 15

மார்ச் 2ல் ‘யோசிக்கவே வேண்டாம்’ என்று எழுதினேன் அல்லவா, இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாலிடர் செய்த அந்தக் கீபோர்டை நேற்று அலமாரியிலிருந்து எடுத்தேன். ஒரே ஒரு விசையை மாற்ற வேண்டும். மூலக் கோப்பு எங்கே? பழைய கணினியில் இருந்தது, அந்தக் கணினி போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியாகச் செய்த மாற்றங்களோ, உலாவியிலேயே விசைகளை அடுக்கி ஃபர்ம்வேராக இறக்கிக்கொள்ளும் ஒரு பக்கத்தில் அவசரத்துக்குச் செய்தவை. அமைப்புக் கோப்பையும் சேர்த்து இறக்கிவை என்று பொத்தான் இருக்கிறது. நான் அழுத்தவில்லை.

ஆக என்னிடம் இருப்பது முழுக்க முழுக்கத் திறந்த ஃபர்ம்வேர் ஓடும், என்னால் மாற்ற முடியாத ஒரு கீபோர்டு. மின்னஞ்சல் மேக்ரோ கதைதான் மறுபடி. இந்த முறை திட்ட நிறுவனம்கூட இல்லை.

பக்கத்து மேசை நண்பரிடம் கைனசிஸ் அட்வான்டேஜ்2 கீபோர்டு இருக்கிறது. அதன் ஸ்மார்ட்செட் ஃபர்ம்வேர் மூடியது, மூலத்தை யாரும் பார்க்க முடியாது. ஆனால் விசைச் சேர்க்கை ஒன்றை அழுத்தினால் கீபோர்டு ஒரு குட்டி டிரைவாகத் திறக்கிறது. உள்ளே சாதாரண உரைக்கோப்பு. சதுர அடைப்புக்குறிக்குள் பழைய விசை, நடுவில் ஒரு கூர்முனைக் குறி, பிறகு புதிய விசை. ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. எந்த எடிட்டரிலும் திறக்கும், எந்த இயங்குதளத்திலும் திறக்கும், எதையும் நிறுவ வேண்டாம். அவர் அந்தக் கோப்பை வருடக்கணக்காகத் தன் மற்ற கோப்புகளோடு கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் வைத்திருக்கிறார்.

யாருடைய அமைப்பு யார் கையில் இருக்கிறது, சொல்லுங்கள்.

மார்ச் 16

‘அப்படியானால் நண்பரின் கீபோர்டோடு மாற்றிக்கொள்வீர்களா?’ என்று ஒருவர். மாட்டேன். அதில் இரண்டே லேயர்.

மார்ச் 19

மார்ச் 15 புலம்பலுக்கு ஒரு திருத்தம், சந்தோஷமான திருத்தம்.

‘தொலைந்தது என்று யார் சொன்னது, சில்லிலிருந்தே படித்து எடு’ என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். ஏவிஆர்டியூட் என்ற கருவியால் ஃப்ளாஷ் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கினேன். இருபத்தெட்டாயிரம் பைட்டில் என் விசைகள் எங்கே? கியூஎம்கேயில் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு பைட். அடிப்படை விசைகளுக்கு யுஎஸ்பி தரத்தில் உள்ள எண்களேதான். கியூ 20, டபிள்யூ 26, ஈ 8, ஆர் 21, டி 23. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பூஜ்யம். ஆகவே 20, 0, 26, 0, 8, 0, 21, 0, 23, 0 என்ற வரிசையைத் தேடினேன். ஒரே இடத்தில் இருந்தது.

அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால் லேயர் லேயராக எல்லாம் கிடைத்தது. வலது பாதி மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி இருந்தது, பத்து நிமிடம் அதில் குழம்பினேன். மேக்ரோக்களுக்கு எண்தான் இருந்தது, என்ன செய்யும் என்று செருகித் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு தாளில் நாலு லேயரும் பென்சிலில் எழுதியாயிற்று.

மூடியதில் இது நடந்திருக்குமா? பைட்டுகள் கிடைத்தாலும் அவற்றுக்கு என்ன பொருள் என்று யார் சொல்வார்கள்? கியூஎம்கேயில் எந்த எண் எந்த விசை என்பது பொதுவில் கிடக்கிறது. எனவே மார்ச் 15ல் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி நிற்கிறது: கோப்பை ஒழுங்காக வைத்திருந்தால் இந்தத் தொல்பொருள் ஆராய்ச்சியே தேவையில்லை.

மார்ச் 22

‘கியூஎம்கேயில் ஏன் ப்ளூடூத் சரியாக இல்லை, சோம்பேறித்தனமா?’

உரிமச் சிக்கல். கம்பியில்லாக் கீபோர்டுகளில் பரவலாக இருப்பது நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 சில்லு. நார்டிக் தரும் ப்ளூடூத் நூலகம் மூடியது, அதை ஜிபிஎல் நிரலோடு சேர்த்து வெளியிட முடியாது. இசட்எம்கே வேறு வழியில் போனது. செஃபிரிலேயே திறந்த ப்ளூடூத் அடுக்கு இருக்கிறது, அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. ஜிபிஎல் நிரலை எடுத்துக் கீபோர்டில் போட்டு விற்றுவிட்டு, மூலத்தைக் கேட்டால் காது கேட்காத மாதிரி இருக்கும் விற்பனையாளர்களும் உண்டு. கியூஎம்கே ஆவணங்களில் அவர்களுக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. வாங்கும் முன் அதை ஒரு தடவை பாருங்கள். பெட்டியில் ‘கியூஎம்கே’ என்று அச்சடித்திருப்பதால் மட்டும் அது திறமூலம் ஆகிவிடாது.

கைனசிஸ் அட்வான்டேஜ்360 இந்த விவாதத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒரே உடம்பு, இரண்டு உயிர். சாதாரண மாடலில் ஸ்மார்ட்செட், புரோ மாடலில் இசட்எம்கே. புரோவுக்கு வழக்கமான வழி, கிட்ஹப்பில் கோப்பைத் திருத்தி, அங்கேயே கம்பைல் ஆகும்வரை காத்திருந்து, இரண்டு பாதிக்கும் இரண்டு கோப்பு இறக்கிப் போடுவது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. 2024ல் வந்த, திரையில் பார்த்தபடியே விசை மாற்றும் இசட்எம்கே ஸ்டுடியோ இதைக் கொஞ்சம் இலகுவாக்கியிருக்கிறது.

ஏப்ரல் 3

தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாவிட்டால் பாவம். இரண்டு பாதியையும் டிஆர்ஆர்எஸ் கம்பி, அதாவது இயர்போன் மாதிரி முனை உள்ள கம்பி, இணைக்கிறது என்றால் யுஎஸ்பியைப் பிடுங்காமல் அதைச் செருகவோ உருவவோ கூடாது. முனை உள்ளே நுழையும் வழியில் மின்சார வளையம் தரை வளையத்தைத் தொட்டுக்கொண்டே போகும். என் வலது பாதி ஒரு மாலை அப்படித்தான் அமைதியானது. ஃபர்ம்வேரில் கோளாறு என்று மூன்று முறை ஃப்ளாஷ் செய்தேன். ஃபர்ம்வேர் பாவம், அது என்ன செய்யும்.

ஏப்ரல் 11

கேட்டவர் இப்போது 36 விசைக் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். தமிழ் தட்டுவீர்களா? தமிழ்99ல் ‘ச’ இருப்பது பீக்கு அடுத்து வலப்பக்கம் உள்ள [ விசையில். ‘ஞ’ அதற்கும் அடுத்தது. ‘ய’ மேற்கோள்குறியில். 36 விசையில் இந்த மூன்றுமே கிடையாது. ஞவை ஒரு லேயருக்குள் தள்ளலாம், எப்போதோ வருவதுதான். சவையும் யவையும் தள்ளிவிட்டு ‘செய்ய’ என்று ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள்.

நான் செய்தது: தமிழுக்கென்று ஒரு தனி அடிப்படை லேயர், அதில் ஹோம் ரோ மாட்ஸ் இல்லை, கமாண்ட் கட்டைவிரலுக்கு இறங்கிவிட்டது. ச, ய இரண்டுக்கும் உள்பக்கக் கட்டைவிரல் விசைகள். ஒரே மேக்ரோ கணினியின் மொழியையும் மாற்றும், லேயரையும் மாற்றும். ‘நான்’ என்று பத்து முறை தட்டிப் பார்த்தேன், பத்து முறையும் ‘நான்’தான் வந்தது.

ஒரு ஓட்டை இருக்கிறது. கீபோர்டு அனுப்புவது விசை எண் மட்டும். கணினி இப்போது எந்த மொழியில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மவுஸால் மேலே மொழியை மாற்றினேன் என்றால், இது தமிழ் லேயரிலும் அது ஆங்கிலத்திலுமாக ஆளுக்கொரு பக்கம் நிற்கும்.

ஜூன் 1

கியூஎம்கேயின் புது வெளியீட்டில் ஃப்ளோ டேப் வந்திருக்கிறது. மார்ச் 10ல் நான் இசட்எம்கேயில் புகழ்ந்த அதே இடைவெளிக் கணக்கு. இனி அந்த ஒரு காரணத்துக்காக இசட்எம்கே பக்கம் போக வேண்டாம்.

ஜூன் 14

கேட்டவர் வாங்கிவிட்டார். மூடியதுதான், உரைக்கோப்பு உள்ளது. ‘திட்டுவீர்களா?’ என்று கேட்கிறார். திட்ட மாட்டேன். தமிழில் அதிகம் எழுதமாட்டாராம், இரண்டு லேயர் போதுமாம், வேலையிடத்தில் எந்த மென்பொருளையும் நிறுவ விடமாட்டார்களாம். இந்த மூன்றும் உண்மை என்றால் அவர் வாங்கியது சரி. மார்ச் 2ல் கேட்டிருந்தால் ஏமாளி என்றுதான் சொல்லியிருப்பேன்.

தட்டல் நேரம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டதற்கு: 250 மில்லிவினாடியில் ஆரம்பியுங்கள், ஒரு வாரம் கழித்துப் பத்துப் பத்தாகக் குறையுங்கள். எழுத்துக்குப் பதில் ஷிப்ட் விழ ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, இருபது ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த உரைக்கோப்பை இன்றைக்கே இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். என்னுடையது இன்னும் பென்சில் தாளாகத்தான் இருக்கிறது.